பழைய காருக்கு மருந்தா, பத்தியமா?

நாகப்பட்டினத்திலிருந்தோ மயிலாடுதுறையிலிருந்தோ மோட்டாரில் வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காரைக்கால் எல்லைக்குள் நுழைந்த பிறகே பெட்ரோல் போட்டுக்கொள்வார்கள். மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலும் சூழ்ந்த இந்தப் புதுச்சேரிப் பகுதியில் வரி குறைவு. ஆகையால் விலையும் குறைவு. சில ரூபாய் மிச்சம் பிடிப்பது நல்ல காரியந்தான். ஆனால் பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பத்தினர் விலையோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "இந்தப் பெட்ரோலுக்குள் என்ன இருக்கிறது?"

இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு வரை எத்தனால், அதாவது கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் வடிக்கும் சாராயம். 2030-க்கென்று வைத்திருந்த இந்த இலக்கு 2025-லேயே எட்டப்பட்டது. மதுவிலக்கு அன்பர்கள் கவலைப்பட வேண்டாம். குடிப்பது மோட்டார் வண்டி மாத்திரமே!

2023 ஏப்ரல் முதல் வந்த வண்டிகள் இந்தக் கலவையைத் தாங்கும் பொருள்களால் ஆனவை. 1985-இல் வெளிவந்த மாருதி ஜிப்ஸி போன்ற பழைய ஜீப் வகை வண்டிகளோ இதைக் கனவிலும் கண்டதில்லை. முதலாவது, எத்தனாலுக்குச் சக்தி குறைவு. பழைய கார்களில் மைலேஜ் நூற்றுக்கு 6 முதல் 7 வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. இரண்டாவது, பழைய ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் நாளடைவில் உப்பி, வெடித்து, கசியக்கூடும். மூன்றாவது, எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். கடற்காற்றும் ஐப்பசி மழையும் உள்ள ஊரில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால், நீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கிவிடலாம்.

இந்த இடத்தில்தான் "ஒரு புட்டி ஊற்றினால் எஞ்சின் புதிதாகிவிடும்" என்ற விளம்பரம் கண்ணில் படுகிறது. உண்மை என்ன? பாலிஈதர்அமீன் முதலிய துப்புரவுப் பொருள்கள், பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டரிலும் வால்விலும் படிந்த கசடை ஓரளவு கரைக்கும், அது மெய். தேய்ந்த பிஸ்டன் வளையத்தை வளர்க்கவோ, வெடித்த குழாயை ஒட்டவோ எந்தப் புட்டிக்கும் சக்தி கிடையாது. மேலும், விலையுயர்ந்த பெட்ரோல் பலவற்றில் துப்புரவுப் பொருள் முன்பே கலந்திருக்கிறது. அதன்மேல் புட்டியும் வாங்குவது, பாயசத்தில் பின்னும் சர்க்கரை கொட்டுவது போல.

ஆக்டேன் எண் என்பதும் பலம் அன்று. எஞ்சினுக்குள் பெட்ரோல் தாறுமாறாய் வெடித்துத் தட்டும் ஓசை எழாமல் தாங்கும் தன்மைக்கே அந்தப் பெயர். சாதாரணப் பெட்ரோலுக்கு முன்பு 91 ஆக இருந்த அந்த எண், எத்தனால் கலந்த பிறகு 95 அளவுக்கு உயர்ந்திருக்கிறது. வண்டியின் கையேடு கேட்பதற்கு மேல் பணம் கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை.

பெட்ரோலில் சேர்க்கும் எதையும் சந்தேகத்தோடு பார்க்கச் சரித்திரமும் சொல்லுகிறது. அந்தத் தட்டும் ஓசையை நிறுத்த 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மானத்தைக் கண்டுபிடித்தார். எஞ்சின் அமைதியடைந்தது, ஆனால் புகையில் வந்த ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. இந்தியா 2000-இல் அதை விலக்கியது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் கைவிட்டது.

ஆகவே பழைய வண்டிக்கு மருந்தைவிடப் பத்தியமே மேல். விற்பனை அதிகமுள்ள பங்க்கில் பெட்ரோல் வாங்குங்கள். அங்கே பழைய சரக்குத் தேங்காது. கலப்படச் சந்தேகம் வந்தால் வடிதாள் கேளுங்கள். கொடுப்பது பங்க்காரர் கடமை. ஒரு துளி விட்டு உலர்ந்தபின் கறை தங்கினால் அது சுத்தமான சரக்கன்று. வண்டியை வாரம் ஒரு முறையாவது ஓட்டுங்கள். நெடுநாள் நிறுத்துவதானால் டாங்கியை நிரப்பி வையுங்கள். உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும். பெட்ரோல் வடிகட்டியைக் காலாகாலத்தில் மாற்றுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, புட்டிக்குச் செலவிடும் பணத்தில் ரப்பர்க் குழாய்களை மெக்கானிக்கிடம் காட்டி மாற்றிவிடுவதுதான். சூடான எஞ்சின்மேல் சொட்டும் பெட்ரோல் தீப்பிடிக்க ஒரு கணம் போதும். பெட்ரோல் வாசனை அடித்தால், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும் முன் எஞ்சின் மூடியைத் திறந்து பாருங்கள்.