வடக்கில் மரமும் மாடியும்: பணம் அனுப்புமுன் காணியைப் பாருங்கள்

வன்னியில் தேக்கு நடுகிறோம், யாழ்ப்பாணத்தில் அடுக்குமாடி கட்டுகிறோம் என்று புலம்பெயர்ந்த உறவுகளிடம் முதலீடு கேட்பவர்கள் உண்டு. அவற்றில் நல்ல திட்டங்களும் இருக்கின்றன. ஆனாலும் இலாபக் கணக்குக்கு முன் காணியைப் பாருங்கள். மரம் பட்டுப்போனால் திரும்ப நடலாம். உரித்தில்லாத காணியில் நட்டால் மரமும் போகும், பணமும் போகும்.

வன்னியில் கணிசமான காணிகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பேமிற் (அனுமதிப்பத்திரக்) காணிகள். உறுதிக் காணிபோல் இவற்றைக் கைமாற்ற முடியாது. பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியில்லாத விற்பனை செல்லாது. "காசைத் தாருங்கள், பேமிற்றைப் பிறகு மாற்றித் தருகிறோம்" என்பவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

காட்டுப் பிரச்சினை இன்னும் சிக்கலானது. போரில் மக்கள் இடம்பெயர்ந்தபின் பற்றை மண்டிய வயல்கள் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லுக்குள் அகப்பட்ட துயரம் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் எல்லோருக்கும் தெரியும். அப்படியான இடத்தைத் துப்புரவாக்கினால் வனக் கட்டளைச் சட்டப்படி வழக்கு உங்கள்மேல் வரலாம். எனவே நில அளவைப் படத்தோடு திணைக்களத்துக்குப் போய், அந்தத் துண்டு வன எல்லைக்குள் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். மர முதலீட்டு ஒப்பந்தத்தில் மரத்துக்கு இலக்கம் போட்டிருந்தால் போதாது. அது நிற்கும் காணியின் படத்து இலக்கமும், வெட்டி விற்கும் உரிமை யாருக்கு என்பதும் அதில் இருக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் தொல்லை வேறு. ஒரு வளவுக்கு ஏழெட்டுப் பங்காளிகள்; பாதிப்பேர் வெளிநாட்டில். பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமையைத் தேசவழமை என்னும் வழமைச் சட்டம் தருகிறது. அவருக்கு முறையாக அறிவிக்காமல் விற்றால், வழக்குப் போட்டு விலையைக் கட்டிக் காணியைத் தன் பெயருக்கு எடுக்க அவரால் முடியும். உறுதி முடித்த கையோடு காணிப் பதிவகத்தில் பதிவதும் அவசியம். உங்களுக்குப் பின் வாங்கியவர் முந்திப் பதிந்தால் சட்டம் அவர் பக்கம் சாயலாம்.

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது; இரட்டைக் குடியுரிமை இருந்தால் அந்தத் தடை இல்லை. அந்தத் தடைக்காகத் தம்பியின் பெயரில் வாங்கினால், உறுதியின்படி காணி தம்பியுடையது. அற்றோணித் தத்துவம் கொடுப்பதென்றால் குறித்த காணிக்கும் குறித்த வேலைக்கும் மட்டும் கொடுங்கள். மாதாமாதம் வட்டி தருவதாகச் சொல்லி வைப்புப் பணம் கேட்டால், மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமா என்று வங்கியின் இணையதளத்தில் பாருங்கள்.

ஏமாற்றம் நடந்துவிட்டால் சும்மா இருக்காதீர்கள். காணிப் பதிவகத்தில் எச்சரிக்கை அறிவித்தல் பதிந்தால், அந்தக் காணிக்கு அடுத்த உறுதி வரும்போது உங்களுக்குத் தகவல் வரும். மோசடிக்குப் பொலிஸ் முறைப்பாடும், உரித்துக்கு மாவட்ட நீதிமன்ற வழக்கும் இருக்கின்றன. வசதி குறைந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தை நாடலாம். காணியை மற்றவர் பத்து ஆண்டுகள் தடையின்றி எதிருரிமையாக ஆண்டுவிட்டால், ஆட்சி உரிமை கோர அவருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே முறைப்பாட்டை அடுத்த விடுமுறைவரை தள்ளிவைக்காதீர்கள்.