செவி காக்கும் சொல்

தில்லியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கோவையிலிருந்து வந்திருக்கும் தாத்தா, பேரனிடம் ஒரு குவளைத் தண்ணீர் கேட்கிறார். அந்தக் குரல் எதிர்வீடு வரை எட்டுகிறது. எதிர்வீட்டாருக்குத் தமிழ் தெரியாது. சொல் விளங்காதவர்க்கு ஓசைதான் செய்தி. ஏதோ சண்டை நடக்கிறது என்று எண்ணி, அவர்கள் கதவைத் திறந்து பார்க்கின்றனர். பேரனுக்கு வெட்கமாகப் போய்விடுகிறது.

"ஏன் தாத்தா கத்தறீங்க?" என்கிறான்.

"நான் எங்க கண்ணு கத்துனேன்? மெதுவாத்தானே கேட்டேன்" என்கிறார் தாத்தா.

இருவர் சொன்னதும் உண்மையே. தாத்தா முப்பது ஆண்டுகள் பஞ்சாலையில் வேலை செய்தவர். அங்கே இயந்திரங்களின் இரைச்சல் நாள் முழுதும் ஓயாது. நம் உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. ஒலி அலைகளை நரம்புக்குரிய செய்தியாக மாற்றுவன அவையே. நெடுங்காலம் பேரிரைச்சலில் இருப்பவர்க்கு அச்செல்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. பிறர் பேச்சு தமக்குக் குறைவாகக் கேட்பதைத் தாத்தா அறிவார். தம் பேச்சும் தமக்குக் குறைவாகவே கேட்கிறது என்பதை அவர் அறியமாட்டார். பெரும்பாலோர் எண்ணிப் பார்க்காத செய்தி இது.

பேச்சு எவ்வாறு பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியம் பிறப்பியல் என்னும் இயலில் விளக்குகிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டு இடங்களைச் சார்ந்து எழுத்தொலியாகிறது என்பது அந்நூலின் கருத்து. அந்த எட்டில் செவி இல்லை. அதில் பிழையும் இல்லை. செவி ஒலியைப் பிறப்பிப்பதில்லை. பிறந்த ஒலி சரியாக இருக்கிறதா என்று நொடிதோறும் கவனித்து, மூளைக்குச் சொல்வதே அதன் பணி. தேர்வு அறையில் கண்காணிப்பாளர் எதையும் எழுதுவதில்லை. ஆனால் அவர் வெளியே போனதும் அறை எப்படி மாறுகிறது என்பது மாணவர்களுக்கு நன்கு தெரியும்.

இந்தக் கண்காணிப்பை முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் எத்தியேன் லொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர். ஒருவரது காதில் பேரிரைச்சலைச் செலுத்தினால் அவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார். இரைச்சலை நிறுத்தினால் குரல் பழைய நிலைக்குத் தாழ்கிறது. இதை அவர் 1911ஆம் ஆண்டில் வெளியிட்டார். காது கேளாதவர் போல் நடிப்பவரைக் கண்டுபிடிக்கவும் இம்முறை பயன்பட்டது. உண்மையிலேயே கேளாதவர் என்றால் இரைச்சலால் அவர் குரல் மாறாது அல்லவா? இதே விளைவை வீட்டிலும் காணலாம். காதொலிப்பான் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கும் சிறுவனை அம்மா அழைக்கிறார். "என்னம்மா?" என்று அவன் வீடதிரக் கத்துகிறான். அந்த நேரத்தில் அவனும் தாத்தாவும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள்.

1950ஆம் ஆண்டில் பெர்னார்டு லீ என்னும் அமெரிக்கர் வேறொரு சோதனையை வெளியிட்டார். ஒருவர் பேசும் பேச்சை, நொடியில் ஒரு சிறு பகுதி தாமதித்து, அவர் காதிலேயே ஒலிக்கச் செய்தார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திக்கத் தொடங்கினார். நாவிலும் உதட்டிலும் எக்குறையும் இல்லை. செவி தந்த செய்தி காலந்தாழ்ந்து வந்தது, அவ்வளவே.

செய்து பாருங்கள்: இரண்டு காதுகளையும் விரல்களால் அடைத்துக்கொண்டு "ம்..." என்று ஒலி எழுப்புங்கள். வெளியோசை குறையும், உங்கள் குரலோ முன்னினும் பெரிதாக ஒலிக்கும். நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி, மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் உட்செவியை அடைவதே காரணம்.

இச்சிறு சோதனை ஒரு புதிரையும் விடுவிக்கிறது. செவித்திறன் குறைந்தவர் எல்லாரும் உரக்கப் பேசுவர் என்று நாம் நினைக்கிறோம். அப்படி அன்று. நடுச்செவியில் உள்ள சிற்றெலும்புகள் இறுகிப்போவதால் கேட்கும் திறன் குறைந்தவர்க்கு வெளியோசை மங்கும். ஆனால் உட்செவி நலமாக இருப்பதால், எலும்பின் வழியே வரும் தம் குரல் அவருக்குப் பெரிதாகக் கேட்கும். ஆகவே அவர் மிகத் தாழ்ந்த குரலில் பேசுவார். உட்செவி பழுதுற்றவர்க்கோ இரண்டு வழியும் பயன்படுவதில்லை. அவர் உரக்கப் பேசுவார். தாத்தா இரண்டாம் வகையினர்.

பேச்சு வளர்ந்து முதிர்ந்த பின் செவித்திறனை இழந்தவர் மொழியை இழப்பதில்லை. சொற்கள் அப்படியே இருக்கும்; இலக்கணம் மாறாது. நாவுக்கும் உதட்டுக்கும் பல்லாண்டுப் பழக்கம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டும் சோற்றை வாய்க்குக் கொண்டு போகிறோமே, அதுபோல நாக்கு தன் இடத்தை அறியும். எனினும் கண்காணிப்பவர் இல்லாத பழக்கம் மெல்லத் தளரும். குரலின் அளவு முதலில் மாறும். பின்னர்ச் சிலருக்குக் குரல் உயர்ந்தும் தாழ்ந்தும் இசையும் ஏற்ற இறக்கம் குறையும். பேச்சின் வேகம் குறைவதும் உண்டு. எழுத்தொலிகள் மாறுவதாயின், அது மாதங்களும் ஆண்டுகளும் கடந்தே நிகழும். பலருக்கு அம்மாற்றம் மிகச் சிறிதே. இளமையில் கேட்கும் திறனை இழந்தவரிடம் மாற்றம் மிகுதியாகவும், முதிய வயதில் இழந்தவரிடம் குறைவாகவும் இருப்பது வழக்கம்.

இதனைத் தமிழ் ஒலிகளில் வைத்துப் பார்க்கலாம். ப, ம ஆகியவை உதடுகள் ஒன்றையொன்று தொடுவதால் பிறப்பவை. அவற்றைச் சரியாக ஒலித்தோமா என்பதைத் தொடு உணர்வே சொல்லிவிடும். ஸ, ஷ ஆகிய இரண்டையும் பிரிப்பதோ நாக்கின் மிகச் சிறிய நகர்வு. அந்த ஒலிகளின் கூர்மையைச் செவிதான் அளந்து சொல்ல வேண்டும். ஆகவே அவற்றின் வேறுபாடு மங்க இடமுண்டு. பேச்சு மெதுவாகி உயிரொலி நீண்டால், குறில் நெடில் ஆகக் கேட்கவும் கூடும். கல் என்று சொன்னது கால் என்று கேட்பவர் காதில் விழலாம்.

ஏற்ற இறக்கம் குறைவதில் தமிழுக்கு ஒரு நன்மை உண்டு. "வந்தாயா?" என்பதில் ஆகாரமே வினாவைக் காட்டுவதால், குரல் தட்டையாக இருந்தாலும் அது வினா என்பது விளங்கிவிடும். ஆனால் "சரி" என்னும் சொல்லை நினைத்துப் பாருங்கள். உடன்பாடு, ஐயம், சலிப்பு, கேலி என அத்தனையும் அந்தச் சொல்லைச் சொல்லும் குரலில்தான் இருக்கின்றன. தாத்தா அன்போடு சொன்ன "சரி", பேரனுக்குச் சினமாகப் படுவது இவ்வாறுதான்.

ஜாக் ஆஷ்லி என்பவர் பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினராக 1966ஆம் ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேச்சாற்றலால் உயர்ந்தவர் அவர். அடுத்த ஆண்டு இறுதியில், குறைந்திருந்த செவித்திறனைச் சீராக்கச் செய்த அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து, அவர் முற்றிலும் கேட்கும் திறனை இழந்தார். அப்போது அவருக்கு வயது 45. பதவியை விட்டுவிட எண்ணினார், ஆயினும் விடவில்லை. தம் குரல் அவையில் எவ்வளவு உயர்ந்து ஒலிக்கிறது என்பதைக் கேட்டறிய வழியின்றியே, 1992 வரை அவர் அங்குப் பேசினார். பிறர் பேச்சை உதட்டசைவால் அறிந்தார். 1970களில், பேச்சைச் சுருக்கெழுத்து விசைப்பலகையில் பதிந்து உடனே திரையில் எழுத்தாகக் காட்டும் கருவி அவருக்காக உருவாக்கப்பட்டது. இன்று தொலைக்காட்சியில் பேச்சுடன் உடனுக்குடன் ஓடும் எழுத்துகளின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. 1993இல் அவருக்கு உட்செவிக் கருவி பொருத்தப்பட்டது.

அழிந்த மயிர்ச்செல்களின் வேலையைத் தானே செய்து, மின் குறிப்புகளால் நரம்பைத் தூண்டுவது அக்கருவி. அதைப் பொருத்திக்கொண்ட சிலரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1992இல் வெளிவந்தது. கருவியை ஒரு நாள் முழுதும் அணைத்து வைத்தனர். பின் இயக்கியதும், அவர்களது பேச்சில் சில மாற்றங்கள் உடனே தோன்றின. கண்காணிப்பாளர் அறைக்குத் திரும்பிவிட்டார் என்று சொல்லலாம்.

எல்லார்க்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. பலருக்குச் சாதாரணச் செவிக்கருவியே போதும். மைசூருவில் 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் போன்ற இடங்களில் செவியைச் சோதிப்பதோடு பேச்சுப் பயிற்சியும் தருகின்றனர்.

இனி, அந்தத் தில்லி வீடு. தாத்தாவிடம் பேரன் பதிலுக்குக் கத்துவதால் பயனில்லை. கத்தும்போது சொல்லின் வடிவம் சிதைகிறது, உதடும் கோணுகிறது. முகத்தைப் பார்த்து, இயல்பான குரலில், சற்று நிதானமாகப் பேசினால் அவருக்குப் புரிகிறது. அப்போதும் ஒரு தொல்லை உண்டு. பணம், மணம் ஆகிய இரண்டும் உதட்டில் ஒன்று போலவே தோன்றும். "பூவுக்குப் பணம் இல்லையா?" என்று பேரன் கேட்டால், "மல்லிகைக்கு மணமில்லாமல் இருக்குமா?" என்று பதில் வரும். அதற்கு இருவரும் சிரிக்கின்றனர்.

தாத்தாவின் குரல் உயரும்போது பேரன் உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்லத் தாழ்த்திக் காட்ட வேண்டும் என்பது இருவரும் பேசி வைத்துக்கொண்ட குறிப்பு. அதைக் கண்டதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். தொலைக்காட்சியில் கிரிக்கெட் நடக்கும் நாளில் மட்டும் அக்குறிப்பு பலிப்பதில்லை. அன்று பேரனின் குரலும் எதிர்வீடு வரை எட்டுகிறது.

சொற்பொருள்: உந்தி – கொப்பூழ், மிடறு – கழுத்து, தொண்டை, அண்ணம் – மேல்வாய், ஐயம் – சந்தேகம்.

பயிற்சி

1. செவித்திறன் குறைந்தவருள் சிலர் உரக்கவும் சிலர் தாழ்ந்த குரலிலும் பேசுவது ஏன்?

2. பணம், மணம் போல, உதட்டசைவில் ஒன்றாகத் தோன்றும் வேறு மூன்று இணைச் சொற்களை எழுதுக. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்த பின் எழுதுதல் நலம்.

3. "சரி" என்னும் சொல்லை நான்கு வகையாகச் சொல்லிக் காட்டுக. ஒவ்வொன்றும் எந்த உணர்வைத் தருகிறது என்று உங்கள் வீட்டில் உள்ளவர்களிடம் கேட்டு எழுதுக.