ரெண்டு லைன் இருந்தும் நெட் கட்டாவது ஏன்? ஸ்டேட்டிக், டைனமிக் ரூட்டிங்: எது யாருக்கு?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளுடன் ரயில் நின்றது. பல ஊர்களில் போன், நெட் எல்லாம் போச்சு. உள்ளே இருந்தவர்களின் நிலை வெளியூர் உறவினர்களுக்குத் தெரியவில்லை.

இதற்காகத்தான் ஆஸ்பத்திரி, வங்கி போன்ற இடங்களில் ரெண்டு இணைய லைன் வைப்பார்கள். ஆனா, ரெண்டு லைன் இருந்தா மட்டும் போதுமா? போதாது.

ஸ்டேட்டிக், டைனமிக்: என்ன வித்தியாசம்?

நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்குக் கிளம்பும் டிரைவரிடம் 'ஆழ்வார்திருநகரி வழியா போ' என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். அவரும் அதே வழியில்தான் போவார். இதுதான் ஸ்டேட்டிக் ரூட்டிங்.

'அங்க ரோட்டுல தண்ணி போகுது, சாத்தான்குளம் வழியா சுத்திப் போங்க' என்று எதிரே வருபவர் சொன்னதும் வண்டியைத் திருப்பினால், அது டைனமிக். ரூட்டர்கள் தங்களுக்குள் இப்படித்தான் பேசிக்கொள்ளும்.

சிக்கல் எங்கே?

உங்கள் ரூட்டரில் இருந்து மோடம் வரை கேபிள் நல்லா இருக்கு. ஆற்றுப் பாலம் அருகே ஃபைபர் அறுந்துவிட்டது. ரூட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஸ்டேட்டிக் ரூட் அதே பழைய வழியில் டேட்டாவை அனுப்பும். ரெண்டாவது லைன் சும்மா கிடக்கும்.

டைனமிக் முறையான ஓஎஸ்பிஎஃப்-இல், ரூட்டர்கள் பொதுவாக 10 வினாடிக்கு ஒருமுறை 'ஹலோ' சொல்லும். 40 வினாடி பதில் இல்லையென்றால் வேறு வழிக்கு மாறிவிடும்.

டைனமிக்தான் எப்பவும் பெஸ்ட்டா?

இல்லை. 2021 அக்டோபர் 4-ல் பராமரிப்பின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளையால் ஃபேஸ்புக்கின் உள் இணைப்புகள் துண்டாயின. உடனே அதன் சர்வர்களுக்கான வழி அறிவிப்புகள் தானாகவே விலக்கப்பட்டன. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் உட்பட எல்லாம் சுமார் 6 மணி நேரம் முடங்கின. நல்ல செய்தி பரவும் வேகத்தில் தப்பும் பரவும்.

யாருக்கு எது?

* ஒரே லைன்: ஸ்டேட்டிக் போதும். மாற வேறு வழியே இல்லை.
* கடை, கிளினிக், ரெண்டு பிராட்பேண்ட்: ஸ்டேட்டிக்குடன், வெளியே உள்ள ஒரு முகவரிக்கு அடிக்கடி 'பிங்' அனுப்பிச் சோதிக்கும் வசதி கட்டாயம்.
* பல கிளைகள், வளைய இணைப்பு: ஓஎஸ்பிஎஃப்.
* சொந்த ஐபி முகவரி, ரெண்டு நிறுவனங்களின் இணைப்பு: பிஜிபி.

இதை மறக்காதீங்க

ரெண்டு கேபிளும் ஒரே பாலத்தில் போனால் எந்த ரூட்டிங்கும் காப்பாற்றாது. எந்த வழியாக வருகிறது என்று இணைப்பு தருபவரிடம் கேளுங்கள்.

மழைக்காலத்துக்கு முன் ஒரு சோதனையும் செய்யுங்கள். ரூட்டரில் உள்ள வயரைப் பிடுங்கிப் பார்த்தால் போதாது. மோடத்துக்கு வெளியிலிருந்து வரும் கேபிளைக் கழற்றுங்கள். அப்பவும் நெட் ஓடினால்தான் உங்களிடம் நிஜமாகவே ரெண்டு லைன் இருக்கிறது.