ஒரே தாங்கி, இரண்டு என்ஜின்

பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே பேசுவோம், அவசரமில்லை. கற்பிட்டியில் ஒருவர் கடலுக்குப் போயிருக்கிறார். கத்தாரிலிருந்து மகன் அழைக்கிறான். பதில் இல்லை. 'பீப்' சத்தம் வந்ததும், "வாப்பா, சல்லி போட்டிருக்கன், பேங்க்குக்குப் போய்ப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறான். அந்தக் குரல் இப்போது எங்கே இருக்கிறது?

வாப்பாவின் போனில் இல்லை. போன் கடலில் விழுந்தாலும் அந்தக் குரலுக்கு ஒன்றும் ஆகாது. அது தொலைபேசிக் கம்பனியின் வொய்ஸ்மெயில் சேர்வரில் கிடக்கிறது. பெரிய அலுவலகங்கள் சொந்தமாகவே ஒன்று வைத்திருக்கும். சேர்வர் என்றால் இரவு பகலாக விழித்திருக்கும் ஒரு கணினி, அவ்வளவுதான். அதற்குள் குரல் பதிவான கோப்பு இருக்கும். அது யாருக்கு வந்தது, கேட்டாயிற்றா என்று குறிக்கும் பதிவேடும் இருக்கும். தபால் கந்தோரில் கடிதமும் அதன் விலாசமும் மாதிரி. விலாசம் அழிந்தால் கடிதம் இருந்தும் பிரயோசனமில்லை.

சரி, சேர்வர் பழுதானால்? பக்கத்தில் இன்னொன்றை வைத்துவிடலாம் என்பீர்கள். நல்ல யோசனைதான், ஆனால் இங்கே நம் மீனவர்களைக் கொஞ்சம் கேட்கவேண்டும். படகில் இரண்டு என்ஜின் பூட்டி, இரண்டுக்கும் ஒரே தாங்கியிலிருந்து எண்ணெய் கொடுத்தால், எண்ணெயில் தண்ணீர் கலந்த அன்று இரண்டும் சேர்ந்தே நிற்கும். ஒரே அறை, ஒரே மின்சாரம், ஒரே கேபிள் என்று இருக்கும் இரண்டு சேர்வர்களின் கதையும் அதுதான்.

அப்படியானால் தூரத்தில் வைப்போம். எவ்வளவு தூரம்? சிலாபத்து அலுவலகத்துக்குப் புத்தளத்தில் ஒரு மாற்று இடம் என்றால் வரைபடத்தில் நன்றாகத்தான் தெரியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது சிலாபத்துப் பக்கத்துத் தெதுறு ஓயாவும் புத்தளத்துப் பக்கத்துக் கலா ஓயாவும் ஒரே சமயத்தில் பெருகின. தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்தால் போதாது. ஒரே மழை இரண்டு இடத்தையும் நனைக்குமா என்று பார்க்கவேண்டும். மின்சாரத்துக்கும் அப்படியே. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடே இருண்டது. நுரைச்சோலை அனல் மின்நிலையமும் நின்றது, திரும்ப ஓடச் சில நாள் எடுத்தது. அதன் புகைபோக்கியை வாசலில் இருந்தே பார்க்கிற வீடுகளிலும் அன்று கரண்ட் இல்லை. மாற்று இடத்துக்குச் சொந்த ஜெனரேட்டரும் டீசலும் வேண்டுமென்பது இதனால்தான்.

இப்போது எல்லோரும் இடறும் இடத்துக்கு வருகிறோம். இரண்டாவது சேர்வர் முதலாவதை நொடிக்கு நொடி பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறது, ஆகவே நம்மிடம் பிரதி இருக்கிறது என்று நினைக்கிறோம். கடைக்காரரின் பில் புத்தகத்தில் கார்பன் தாளுக்கு அடியில் இருப்பதும் பிரதிதான். மேலே பிழையாக எழுதினால் கீழேயும் பிழைதான் விழும். யாரோ ஒரு தகவலை அழித்தால், கூட ஓடும் சேர்வரும் விசுவாசமாக அதை அழிக்கும். கூட ஓடுவது வேறு, எடுத்து ஒதுக்கி வைப்பது வேறு.

நம் அரசாங்கமே இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 2023 ஓகஸ்ட் 26 அன்று, கோப்புகளைப் பூட்டிவிட்டுச் சாவிக்குக் காசு கேட்கும் வகை மென்பொருள் ஒன்று இலங்கை அரச மேகக் கணினியைத் தாக்கியது. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. கடைசி மாதங்களின் பிரதி இருக்கத்தான் செய்தது, ஆனால் அதுவும் அதே வலையமைப்பில் இருந்ததால் சேர்ந்தே பூட்டுண்டது. 12 மணித்தியாலத்தில் சேவை திரும்பியது. மே 17 முதல் அன்றுவரை வந்த அஞ்சல்கள் திரும்பவில்லை. கடை மறுநாளே திறந்தாயிற்று, மூன்று மாதத்துக் கணக்குப் புத்தகம்தான் இல்லை.

ஆகவே திட்டம் போடுகிறவரிடம் நாம் இரண்டு கேள்வி கேட்கலாம். எவ்வளவு நேரத்தில் கடை திறக்கும்? எத்தனை நாள் கணக்குப் போனால் தாங்குவோம்? முதலாவதற்கு விடை, தூரத்தில் கூட ஓடும் சேர்வர். இரண்டாவதற்கு விடை, தினமும் எடுத்து, கம்பியைக் கழற்றி, வேறிடத்தில் பூட்டி வைக்கும் பிரதி. இரண்டாவது மலிவானது, ஆனாலும் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

பிறகு ஒத்திகை. பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரதான சேர்வரை நாங்களே நிறுத்திப் பார்த்தோம். மாற்று இடத்துச் சேர்வர் உடனே எழுந்தது. முன்கூட்டியே விட்ட சோதனைத் தகவலையும் அழைத்துக் கேட்டோம், தெளிவாக இருந்தது. கைகொடுத்துக்கொண்டு கிளம்பும்போது தேநீர் கொண்டுவந்த பையன்தான் கேட்டான், "இந்தப் போனில சிவப்பு லைட் பத்தும்தானே, ஏன் இப்பப் பத்தல்ல?" தகவல் பத்திரமாக இருந்தது. தகவல் வந்திருக்கிறது என்று மேசைப் போனுக்குச் சொல்லும் வேலையைத்தான் இரண்டாவது சேர்வருக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை.