பாய் வேறு, பாய்மரம் வேறு: பாம்பன் பாலம் யாருக்காகத் தூக்குகிறது?

‘பாய்மரத்தை விரித்துக்கொண்டு பறந்தது படகு.’ இப்படி ஒரு வரியை எங்கேயாவது படித்திருப்பீர்கள். நாமே எழுதியும் இருப்போம். இதை ராமநாதபுரம் கடற்கரையில் போய்ச் சொன்னால் சிரித்துவிடுவார்கள். மரத்தை எப்படிங்க விரிக்கிறது?

பாய்னா, காற்றைப் பிடிக்கிற துணி. அந்தத் துணியைத் தாங்கி நிற்கிற கம்பம்தான் பாய்மரம். ‘பாய்மரப் படகு’ என்று சொல்லிச் சொல்லியே இரண்டும் ஒன்று என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது. (வீட்டில் விரித்துப் படுக்கிற பாயும் இதே சொல்தான். மாலத்தீவில் ஒருகாலத்தில் தென்னோலையில் முடைந்த பாயைக் கட்டியே படகு ஓட்டியிருக்கிறார்கள்.)

பழைய தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. ஆற்றுமுகத்துக்குள் நுழையும் ஒரு பெரிய கப்பலைப் பற்றிச் சொல்லும் புறநானூற்றின் 30ஆம் பாடல், மரத்தைக் ‘கூம்பு’ என்றும் மேலே கட்டிய பாயை ‘மீப்பாய்’ என்றும் தனித்தனியாகவே குறிப்பிடுகிறது. இரண்டையும் கழற்றாமல், சுமையையும் குறைக்காமல் கப்பல் உள்ளே வந்ததாம். அப்படிப்பட்ட துறை!

கரையில் இருக்கும்வரை சொல் மாறினால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. கடலில் கதை வேறு. தொண்டி, நம்புதாளை பக்கம் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிகளைப் பார்த்தால் புரியும். காற்று திடீரென ஏறினால் கை முதலில் போவது பாயின் கயிற்றுக்குத்தான். அதைத் தளர்த்தினால் சாய்ந்த படகு நிமிரும். மரம் நின்ற இடத்திலேயே நிற்கும். பாய் கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். நடுக்கடலில் மரம் முறிந்தால்? துடுப்புதான், இல்லாவிட்டால் இன்னொரு படகு வந்து கயிறு போட்டு இழுக்க வேண்டும்.

பாம்பனுக்கு வாங்க. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி, இரண்டு கதவுபோலப் பிரிந்து மேலே எழும் வகையில் இருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் வரை உயர்கிறது. உயரம் பாயில் மட்டும் இருந்தால், இறக்கி மடித்துவிட்டுப் பாலத்துக்கு அடியில் புகுந்து போய்விடலாம். மரத்தை என்ன செய்வது? அதனால்தான் பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டு இன்ஜினில் மெதுவாக வருகிற வெளிநாட்டுப் பாய்மரப் படகும், பாலம் எப்போது தூக்கும் என்று நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கிறது.