எல்லை தாண்டும் சேவை வகுப்பு

வங்கியின் தலைமையக மெயின்ஃப்ரேமுக்கும் வெளியூர்க் கிளைக்கும் நடுவே நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஒரே ஒரு குத்தகை லைன். 1980-களில் இது சாதாரணம். ஒரு கோடி பைட் உள்ள இரவுக் கணக்குக் கோப்பு அதில் புறப்பட்டால், குறுக்கே எதுவும் வராவிட்டாலும் போய்ச் சேர இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் பார்த்து ஒருவர் ஏடிஎம்மில் கார்டைச் செருகுகிறார். அவர் கேட்பது இருநூறு பைட் சமாசாரம். லைன் காலியாக இருந்தால் ஆறில் ஒரு நொடி போதும். கோப்பை ஒதுங்கச் சொல்லி இதை முன்னே விடுவது யார் வேலை?

ஐபிஎம் 1974-ல் அறிவித்த எஸ்என்ஏ என்ற நெட்வொர்க் கட்டமைப்பு பின்னாளில் இதற்குக் கண்ட வழிதான் சேவை வகுப்பு. ஏடிஎம்முக்கு ஒரு வகுப்பு, கோப்புக்கு வேறொரு வகுப்பு. இணைப்பு தொடங்கும்போதே அது எந்த வகுப்பு என்று பார்த்து, பாதையையும் முன்னுரிமையையும் ஒதுக்கிவிடுவார்கள்.

பழைய எஸ்என்ஏ-வில் பாதைகள் எல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து எழுதி வைத்தவை. இரு முனைகளுக்கு நடுவே 0 முதல் 7 வரை எட்டு மெய்நிகர் பாதைகள், ஒவ்வொன்றிலும் 0, 1, 2 என மூன்று முன்னுரிமைகள். ஆக 24 இணைகள். சேவை வகுப்பு அட்டவணையில் ஒரு பெயரும் அதற்கு எதிரே இந்த இணைகளின் பட்டியலும் இருக்கும். உதாரணமாக, முதலில் பாதை 1, முன்னுரிமை 2. அது கிடைக்காவிட்டால் பாதை 0, முன்னுரிமை 2. அதுவும் இல்லையென்றால் பாதை 3, முன்னுரிமை 1. மேலிருந்து கீழே பார்த்து, முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும்.

இந்தத் தேடல் ஒரே இடத்தில் முடிவதில்லை. டெர்மினல் ஒரு லாக்மோட் (இணைப்புக்கான அமைப்புகளின் தொகுப்பு) பெயரோடு உள்ளே வருகிறது. அந்தப் பெயருக்கு எந்த வகுப்பு என்று ஓர் அட்டவணையைப் பார்த்துச் சொல்வது டெர்மினலுக்குப் பொறுப்பான வி-டாம், அதாவது மெயின்ஃப்ரேமில் ஓடும் நெட்வொர்க் மென்பொருள். அந்த வகுப்புக்கு எந்தப் பாதை என்று சொல்வதோ, அப்ளிகேஷன் ஓடும் மெயின்ஃப்ரேமில் இருக்கும் வி-டாம். முதல் அட்டவணை ஓர் ஊரில், இரண்டாவது இன்னோர் ஊரில் இருக்கலாம். வகுப்பைப் பற்றி நடுவே பயணிப்பது எட்டு எழுத்துக்கு மிகாத ஒரு பெயர் மட்டுமே.

1986-ல் சிஸ்டம்/36 கணினிகளோடு ஐபிஎம் ஏபிபிஎன் என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. இதில் பாதையை யாரும் எழுதி வைப்பதில்லை. நெட்வொர்க்கே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஒவ்வொரு லைனுக்கும் வேகம், தாமதம், பாதுகாப்பு, பைட்டுக்கு ஆகும் செலவு, நேரத்துக்கு ஆகும் செலவு என்று குணங்கள் உண்டு. சேவை வகுப்பு இங்கே வரிசைகளாக எழுதப்பட்ட நிபந்தனை. முதல் வரிசையின் நிபந்தனைக்குள் அடங்கும் லைனுக்குக் குறைந்த எடை. அடங்காவிட்டால் அடுத்த வரிசை, கூடுதல் எடை. ஐபிஎம் தந்த அட்டவணைகளில் லைன்களின் எடை 30-ல் தொடங்கி 240 வரை போகிறது. வழியில் உள்ள லைன்கள், கணுக்கள் எல்லாவற்றின் எடையையும் கூட்டி, எது குறைவோ அதுவே பாதை.

செயற்கைக்கோள் லைனை எடுத்துக்கொள்வோம். வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே போய்க் கீழே வரக் கால் நொடி ஆகிறது. கோப்பு அனுப்பும் #பேட்ச் வகுப்புக்குக் கால் நொடி ஒரு பொருட்டல்ல. விசைப்பலகையில் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக் காத்திருப்பவருக்கான #இன்டர் வகுப்பு அப்படி இருந்துவிட முடியாது. எனக்கு ஏபிபிஎன்-ல் பிடித்ததே இதுதான்: நல்ல லைன், மோசமான லைன் என்று அது பிரிப்பதில்லை; யாருக்கு நல்லது என்று கேட்கிறது.

1990-களின் முற்பகுதியில் வி-டாமுக்குள்ளேயே ஏபிபிஎன் வந்தது. பழைய நெட்வொர்க்கையும் புதியதையும் ஒட்டவைக்கும் பரிமாற்றக் கணுவாக மெயின்ஃப்ரேம் மாறியது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. ஓர் இணைப்பு பாதி தூரம் ஏபிபிஎன்-லும் மீதி பழைய எஸ்என்ஏ-விலும் போகும். எனவே லாக்மோட் பதிவில் இரண்டு வகுப்புப் பெயர்களுக்கும் இடம் வைத்தார்கள். அந்தப் பக்கத்துப் பெயருக்கு இந்தப் பக்கம் எது ஈடு என்று சொல்லும் ஒப்பீட்டு அட்டவணைகளும் வந்தன. எல்லையைத் தாண்டும்போதெல்லாம் வகுப்பைப் புதிதாகத் தீர்மானிக்க வேண்டும்.

ரயிலில் முதல் வகுப்பில் வந்தவர் பாதி வழியில் பேருந்துக்கு மாறுவதைப் போன்ற நிலை இது. எந்தப் பேருந்து என்று சொல்லலாம். ரயிலில் கிடைத்த படுக்கை அதில் இருக்குமா என்பது வேறு விஷயம். ஏபிபிஎன்-ல் #இன்டர்எஸ்சி என்றொரு வகுப்பு உண்டு. குறிப்பிட்ட அளவு பாதுகாப்பில்லாத லைனை அது ஏற்காது. இதைப் பழைய பக்கத்தில் உரையாடலுக்கான ஏதோ ஒரு வகுப்போடு பொருத்திவிட்டால் முன்னுரிமை கிடைத்துவிடும். பாதுகாப்பு? பழைய சேவை வகுப்பு அட்டவணையில் பாதை எண்ணும் முன்னுரிமையும்தான் உண்டு. பாதுகாப்புக்கென்று ஒரு பத்தியே கிடையாது. அந்தப் பாதை எண்களைப் பாதுகாப்பான லைன்கள் வழியே யாராவது யோசித்து எழுதியிருந்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் இணைப்பு சத்தமில்லாமல் உருவாகும், வேலையும் நடக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. பாதை கிடைக்காமல் அறுந்துபோகும் இணைப்பைவிட இதுவே ஆபத்தானது.

பிறகு ஐபி வந்து எல்லாவற்றையும் விழுங்கியது. சேவை வகுப்பு தப்பிப் பிழைத்தது. 1998 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 2353, ஏபிபிஎன் போக்குவரத்தை யுடிபி பொட்டலங்களில் அனுப்பும் முறையை வகுத்தது. ஐபிஎம் இதை எண்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டர் என்று அழைக்கிறது. ஐந்து போர்ட்டுகள்: 12000 லைனைப் பேணும் சமிக்ஞைகளுக்கு, 12001 நெட்வொர்க்கின் சொந்த வேலைக்கு, 12002 உயர் முன்னுரிமைக்கு, 12003 நடுத்தரத்துக்கு, 12004 தாழ்ந்ததற்கு. பொட்டலத்தின் ஐபி தலைப்பிலும் அதற்கேற்ற முன்னுரிமைக் குறி இடப்படும். வழியில் நிற்கும் ரூட்டர்களுக்கு எஸ்என்ஏ தெரியாது; போர்ட் எண்ணும் குறியும்தான் தெரியும்.

அதையும் அவை மதித்தால்தான். யாரோ ஒரு நெட்வொர்க் நிர்வாகி, வெளியிலிருந்து வரும் குறிகளை எல்லாம் அழித்துவிடு என்று ரூட்டரில் எழுதியிருந்தால், மெயின்ஃப்ரேம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த வகுப்பு அந்த இடத்தோடு சரி.

ஆகவே இப்படிக் கலந்து கட்டிய நெட்வொர்க்கில் பகலில் திரை இழுக்கிறது என்று புகார் வந்தால், உடனே லைன் வேகத்தைக் கூட்ட ஓடாதீர்கள். லாக்மோட் பதிவில் இரண்டு வகுப்புப் பெயர்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பரிமாற்றக் கணுவின் ஒப்பீட்டு அட்டவணை, அதன்பின் ரூட்டர். நெட்வொர்க்கின் எல்லா முனைகளுக்கும் ஒரே ஆள் பொறுப்பாக இருப்பது அபூர்வம் என்பதால், இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஒரு கூட்டம் போட வேண்டியிருக்கும்.