உருளைக்குள் ஆயிரம் குழவிகள்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் செய்த அகல் விளக்கோ பொம்மையோ உங்கள் வீட்டில் இருக்கலாம். அதைக் கவிழ்த்து, பளபளப்புப் பூச்சு இல்லாத அடிப்பாகத்தை விரலால் தடவிப் பாருங்கள். நறநறவென்று எதுவும் தட்டுப்படாது. அந்த மென்மை சூளையில் வந்ததல்ல, பால் மில் (ball mill) என்ற அரவை எந்திரத்தில் வந்தது.

பீங்கானுக்குக் களிமண் மட்டும் போதாது. சூட்டில் உருக்குலையாமல் நிற்க வெங்கச்சங்கல் வேண்டும். உருகி எல்லாவற்றையும் பிணைக்க ஃபெல்ட்ஸ்பார் வேண்டும். இரண்டும் கல். மாவாக அரைபட்டால்தான் மண்ணோடு சேரும்.

பால் மில் என்பது படுக்கவைத்த பீப்பாய்போல ஓர் உருளை. ஏறக்குறைய பாதிவரை கூழாங்கற்கள் அல்லது அலுமினா குண்டுகள். இடுக்குகளில் கல்தூளும் தண்ணீரும். மோட்டாரைப் போட்டால் மணிக்கணக்கில் சுற்றும். குண்டுகள் சுவரோடு மேலேறி, ஓர் உயரத்தில் பிடிவிட்டுச் சரியும். நடுவில் சிக்கிய தூள் நொறுங்கும். ஆட்டுக்கல்லுக்கு ஒரு குழவி, இதற்கு ஆயிரம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேகக் கணக்கு. வேகமாகச் சுற்றினால் சீக்கிரம் அரைபடும் என்று தோன்றும். அப்படியில்லை. தண்ணீர்ச் செம்பைக் கயிற்றில் கட்டி விசையாகச் சுழற்றினால் நீர் சிந்தாது அல்லவா? அதுபோல, 1 மீட்டர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்குச் சுமார் 42 சுற்றை எட்டினால் குண்டுகள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். விழாத குண்டு அரைக்காது. மிக மெதுவாக ஓட்டினாலோ அடியிலேயே புரண்டு கிடக்கும். 30 சுற்றை ஒட்டி ஓட்டுவதே சரி. உருளை பெரிதாக ஆக, இந்த எண் இறங்கும்.

எஃகுக் குண்டு போட்டால் என்ன? பீங்கானுக்கு அது ஆகாது. தேய்ந்து கலக்கும் இரும்புத் துணுக்கு, சூளையில் பழுப்புப் புள்ளியாகிவிடும். அதனால்தான் உருளையின் உட்சுவருக்கும் கல்லோ அலுமினாவோ பதிக்கிறார்கள். அரைத்த குழம்பைக் காந்தத்தின் மேல் ஓடவிடுகிறார்கள்.

தண்ணீர் சேர்ப்பதில் ஒரு நன்மை, தூசி பறக்காது. ஆனால் உலர்ந்த தூளை மில்லில் கொட்டும்போது பறக்கும். வெங்கச்சங்கல் தூசி நுரையீரலில் படிந்தால் வரும் சிலிக்கோசிஸை முற்றிலும் குணப்படுத்த மருந்தில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகமூடியை மில் வைத்திருப்பவர்கள் வாங்கித் தர வேண்டும். தொழிலாளர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.